பாலிமர் களிமண் மணிகள்: நிறம் கெடாமல் காத்தலும் கெட்டதைச் சீர்செய்தலும்

வீட்டில் செய்யப்படும் பாலிமர் களிமண் மணிகளின் நிறம் பல காரணங்களால் கெடுகிறது. அக்காரணங்கள் வெவ்வேறாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், வெப்பத்தால் மஞ்சளித்த மணியை அழுக்கேறியதென்று எண்ணிச் சோப்பிட்டுக் கழுவுவதும், சாயம் ஊறிய மணியை உப்புத்தாளால் தேய்ப்பதும், பழுப்பேறிய வெள்ளை மணியின்மேல் வார்னிஷ் பூசிக் குறையை இன்னும் எடுப்பாகக் காட்டிவிடுவதும் பெருவழக்காக உள்ளன. எந்தக் களிமண்ணை வாங்குவது, எந்த அடுப்பில் சுடுவது, எதைப் பூசுவது, எதனால் துடைப்பது என்னும் கேள்விகள் அனைத்துக்கும் விடை, நிறத்தைக் கெடுத்தது எது என்பதைப் பொறுத்தே அமையும். அதனால் இவ்வழிகாட்டி காரணங்களைப் பிரித்தறிவதில் தொடங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் கைவினைஞர் முன் உள்ள தேர்வுகளை ஒப்பிட்டுச் செல்கிறது.

பொருளின் இயல்பு

பாலிமர் களிமண் நிலத்திலிருந்து எடுக்கப்படுவதன்று. பிவிசி என்று வழங்கும் பாலிவினைல் குளோரைடின் நுண்துகள்களை, அவற்றை இளக்கிக் குழைவாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற திரவத்துடன் பிசைந்து, நிறத்துக்கான நிறமிகளையும், பருமனுக்கான நிரப்பிகளையும், வெப்பத்தைத் தாங்க உதவும் நிலைப்படுத்திகளையும் சேர்த்து இது ஆக்கப்படுகிறது. அத்திரவத்திற்கு நெகிழ்வூட்டி என்று பெயர். தயாரிப்புக்கேற்ப 110 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் வைக்கும்போது பிவிசி துகள்கள் நெகிழ்வூட்டியை உறிஞ்சி வீங்கி ஒன்றோடொன்று உருகி இணைவதால் மணி உறுதி பெறுகிறது. இங்கே ஈரம் காய்வதில்லை. ஆகவே வெயிலில் உலர்த்துவது சுடுவதற்கு ஈடாகாது.

வெப்பம் அளவு மீறினால் பிவிசியின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளிலிருந்து ஹைட்ரஜனும் குளோரினும் இணைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறத் தொடங்குகின்றன. அவை நீங்கிய இடங்களில் இரட்டைப் பிணைப்புகள் தோன்றி, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தொடர்ந்து வரிசை பிடிக்கின்றன. அத்தகைய வரிசையில் ஏறத்தாழ 7 இரட்டைப் பிணைப்புகள் சேர்ந்தவுடன் அது கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சத் தொடங்குவதால் பொருள் மஞ்சளாகத் தோன்றுகிறது. வரிசை நீள நீள மஞ்சள் பழுப்பாகவும் பழுப்பு கருமையாகவும் மாறுகிறது. வெளியேறும் அமில வாயுவே அடுத்தடுத்த சிதைவைத் தூண்டுவதால் ஒரு கட்டத்துக்குப் பின் இம்மாற்றம் விரைந்து பரவும். இவ்வாறு ஏறும் பழுப்பு மேலே படிந்த கறையன்று, பொருளே மாறியதன் விளைவு. எனவே சோப்பு, வெளுப்பான், எலுமிச்சைச் சாறு ஆகிய எவற்றாலும் அதைக் கழுவி எடுக்க இயலாது.

கறை இருக்கும் இடம் உணர்த்துவது

நிறம் கெட்ட மணியைக் கையில் எடுத்தவுடன் கவனிக்கவேண்டியது, மாற்றம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே. வெள்ளை மணியின் மேற்பாதி மட்டும் தேன் நிறமாகி அடிப்பாதி வெண்மையாகவே இருந்தால், அடுப்பின் மேற்கம்பி நேராக வீசிய கதிர்வெப்பம் பட்டிருக்கிறது. தட்டைத் தொட்டிருந்த அடிப்புறத்தில் மட்டும் பழுப்பு வட்டம் தெரிந்தால், உலோகத் தட்டு காற்றைவிட அதிகமாகச் சூடேறியிருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே சீராக மஞ்சளித்திருந்தால் அடுப்பின் வெப்பநிலையே தேவைக்கு மேல் சென்றிருக்கிறது, அல்லது ஒளிகசியும் வகைக் களிமண்ணின் இயல்பான மஞ்சட்சாயல் வெளிப்பட்டிருக்கிறது.

ஊசிமுனை அளவுப் புள்ளிகளும் மெல்லிய இழைகளும் தென்பட்டால் அவை பிசையும்போது ஒட்டிய தூசும் துணிநூலுமாகும். சாம்பல் நிறக் கீற்றுகள் உலோகக் கருவியிலிருந்து வந்தவை. சிவப்பும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டில் மட்டும் இளஞ்சிவப்புப் படலம் பரவியிருந்தால் சாயம் ஊறியிருக்கிறது. சுட்டெடுத்தபோது நன்றாக இருந்து சில மாதங்களுக்குப் பின் மங்கினாலோ மஞ்சளித்தாலோ ஒளியையும் மேற்பூச்சையும் ஐயுறவேண்டும். தொட்டால் பிசுபிசுத்து அழுக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் பூச்சே காரணமென்று துணியலாம்.

ஐயம் நீங்காதபோது ஒரு மணியைக் கூரிய பிளேடால் இரண்டாக வெட்டிப் பார்ப்பது தெளிவைத் தரும். கதிர்வெப்பம் பட்ட வெள்ளை மணியின் வெட்டுமுகத்தில், ஒரு பக்க விளிம்பையொட்டி மெல்லிய பழுப்புப் பட்டை ஓடுவதும் உள்ளே தூய வெண்மை இருப்பதும் தெரியும். அப்பட்டையைத் தேய்த்து எடுக்க முடியும். நடு வரை ஒரே நிறமாக இருந்தால் தேய்ப்பதில் பயனில்லை. ஒரு மணியை இழந்து பெறும் இவ்வறிவு, அதே கூட்டத்தில் சுட்ட மற்ற மணிகளை என்ன செய்வதென்று முடிவுசெய்யப் போதுமானது.

களிமண் வகையைத் தேர்ந்தெடுத்தல்

வெப்பத்தின் தடயம் வெள்ளையிலும் வெளிர் நிறங்களிலும் ஒளிகசியும் வகையிலுமே முதலில் தெரியும். கறுப்பும் அடர்நீலமும் அதே அளவு சூடேறினாலும் குறையை மறைத்துவிடும். எனவே வெப்பக்கட்டுப்பாடு உறுதியாக இல்லாதவர் தொடக்கத்தில் அடர் நிறங்களிலும் மண் நிறங்களிலும் மணி செய்து பழகுவது பொருள் வீணாவதைத் தடுக்கும்.

தயாரிப்புகளுக்குள் முதலில் ஒப்பிடவேண்டியது உறையில் குறித்துள்ள சுடும் வெப்பநிலையாகும். ஜெர்மனியின் ஸ்டெட்லர் நிறுவனத்து ஃபிமோ 110 டிகிரியிலும், பெல்ஜியத்து செர்னிட் 110 முதல் 130 டிகிரியிலும், அமெரிக்காவின் பாலிஃபார்ம் நிறுவனத்து ஸ்கல்ப்பி, பிரிமோ வகைகள் ஏறத்தாழ 130 டிகிரியிலும், கேட்டோ பாலிக்ளே 150 டிகிரியை ஒட்டியும் சுடப்படுகின்றன. வெப்பம் ஏறி இறங்கும் சிறு அடுப்பு வைத்திருப்பவருக்குக் கூடுதல் வெப்பத்துக்கென அமைந்த கேட்டோ அதிக இடம் கொடுக்கும். ஆனால் அது பிசைவதற்குக் கடினமானது. செர்னிட்டின் வெள்ளையும் வெளிர் நிறங்களும் பீங்கானை ஒத்த மென்மையான சாயல் கொண்டவை. தூய, ஒளிபுகா வெண்மை வேண்டுவோருக்கு அவை நிறைவு தராமல் போகலாம். இரண்டு தயாரிப்புகளைக் கலந்து மணி செய்யும்போது வெப்பநிலைகள் வேறுபடுமாதலால், கலவையில் ஒரு சிறு சில்லைச் சுட்டுப் பார்த்த பின்னரே முழு வேலையைத் தொடங்கவேண்டும்.

ஒளிகசியும் வகை தனிக் கவனம் பெறவேண்டியது. மறைத்துக்காட்டும் வெண்ணிறமி இதில் இல்லாததால், பிவிசியின் மிகச் சிறிய மஞ்சட்சாயலும் வெளியே தெரிந்துவிடும். இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உள்ளன. ஒளிர்வூட்டி சேர்த்து வெண்மை கூட்டிய ஒளிகசியும் வகையை வாங்குவது முதல் வழி. ஒளிர்வூட்டி என்பது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளியிடும் பொருளாதலால், மஞ்சள் குறைந்ததுபோல் தோற்றமளிக்கும், ஆனால் நெடுநாள் வெளிச்சத்தில் அதன் ஆற்றல் தேயும். நீலமோ ஊதாவோ கலந்த களிமண்ணை மிளகில் பாதியளவுக்கும் குறைவாகச் சேர்த்து மஞ்சளைச் சமன்செய்வது இரண்டாவது வழி. இது செலவற்றது, ஆனால் அளவு சற்றுக் கூடினாலும் மணி சாம்பல் படர்ந்து காணும். மஞ்சட்சாயலை ஏற்றுக்கொண்டு தேன், அம்பர், தந்தம் போன்ற வெதுநிறங்களுக்கு மட்டும் அக்களிமண்ணைப் பயன்படுத்துவது மூன்றாவது வழி. நிறம் நிலைத்திருப்பது ஒன்றே குறிக்கோளாயின் இதுவே மிகவும் நம்பத்தக்கது.

ஒளிகசியும் மணிகளில் பிறைவடிவில் தோன்றும் வெண்புள்ளிகள் வெப்பத்தால் வந்தவையல்ல. அவை களிமண் உறிஞ்சிய ஈரத்தோடு தொடர்புடையவை என்பது கைவினைஞர்களின் பொதுக்கருத்து. ஆதலால் உறை பிரித்த களிமண்ணைக் காற்றுப்புகாத பெட்டியில் வைப்பதும், கையை நன்றாகத் துடைத்த பிறகே தொடுவதும், கடல்காற்று வீசும் ஊர்களில் தேவையான அளவை மட்டும் அவ்வப்போது பிரிப்பதும் நலம். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு மணிகளைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தினால் ஒளிகசிவு கூடும். ஒளிபுகா நிறங்களுக்கு இது தேவையில்லை.

அடுப்பைத் தேர்ந்தெடுத்தல்

வீடுகளில் கிடைக்கும் சூடேற்றும் கருவிகளை இந்நோக்கில் ஒப்பிட்டால் தரவரிசை தெளிவாகவே அமைகிறது. விசிறி உள்ள மின் ஓவனில் காற்று சுழன்று வெப்பம் சமமாகப் பரவுவதால் அது முதலிடம் பெறும். கன்வெக்‌ஷன் வசதியுள்ள மைக்ரோவேவ் அடுப்பும், மைக்ரோவேவ் அலைகள் முற்றிலும் அணைந்து வெப்பக்காற்று மட்டும் இயங்கும் நிலையில், ஏற்றதே. ஆனால் மைக்ரோவேவ் இயக்கத்தில் களிமண்ணை வைப்பது, சூடு ஒரே இடத்தில் குவிந்து மணி உள்ளுக்குள்ளேயே கருகக் காரணமாகும்.

ஓடிஜி எனப்படும் சிறு மேசை ஓவன் மலிவானது, பரவலாகக் கிடைப்பது, அதே நேரம் நிறத்துக்கு அதிக இடர் விளைவிப்பது. அதன் உட்பரப்பு சிறியதாகையால் மணிகள் சூடான கம்பிக்கு அருகே அமைகின்றன. வெப்பநிலைக் குமிழில் 130 என்று வைத்தாலும் கம்பி முழுச்சூட்டில் எரிந்து, அணைந்து, மீண்டும் எரிந்து சராசரியைக் காப்பதால், இடையிடையே வெப்பம் குறித்த அளவைத் தாண்டி உயர்ந்து திரும்பும். முன்கூட்டியே 15 அல்லது 20 நிமிடம் சூடேற்றி, வெப்பம் அடங்கிய பின் மணிகளை வைப்பதாலும், நடுத்தட்டைப் பயன்படுத்துவதாலும், அடியில் கனமான பீங்கான் டைல் ஒன்றை வைப்பதாலும் இவ்வேற்றத்தாழ்வைப் பெரிதும் அடக்கலாம். சூட்டை வாங்கி மெதுவாக வெளிவிடும் டைல், கம்பியின் எரிதலையும் அணைதலையும் மணி உணராதபடி செய்கிறது.

கொதிநீரில் வேகவைப்பது கருகலுக்கு இடமே தராது, ஏனெனில் நீர் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஆனால் அதே காரணத்தால் உறையில் குறித்த வெப்பநிலையும் எட்டப்படாமல் மணி வலுவின்றிப் போகும், ஒளிகசியும் வகை வெளிறும். உப்போ மணலோ பரப்பிய குக்கரில் கேக் சுடும் வழக்கமுள்ள வீடுகளில் மணியையும் அவ்வாறே சுடலாமெனத் தோன்றக்கூடும். உள்ளே என்ன வெப்பநிலை இருக்கிறதென்று அறியவோ நிறுத்தவோ வழியில்லாததாலும், உணவுப் பாத்திரத்தை இவ்வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது என்பதாலும் அது ஏற்கத்தக்கதன்று.

எந்த அடுப்பானாலும் அதன் குமிழை நம்பாமல், ஓவனுக்கென விற்கப்படும் தனி வெப்பமானியை மணிகளின் மட்டத்திலேயே வைத்து அளப்பது இன்றியமையாதது. பழுப்பேறுவதற்கு அஞ்சி வெப்பத்தைக் குறைத்துவைப்பது தவறான சிக்கனமாகும். துகள்கள் முழுமையாக இணையாத மணி பார்வைக்கு வெண்மையாக இருந்தாலும் கோக்கும்போதே துளையருகே விண்டுபோகும். சரியான வெப்பநிலையில் நேரத்தைச் சற்று நீட்டிப்பது ஒளிபுகா நிறங்களுக்கு ஊறு செய்யாது. நிறத்தைக் கெடுப்பது நேரத்தைக் காட்டிலும் வெப்பநிலையின் மீறலே.

மணிகள் பழுப்பேறுவதோடு நில்லாமல் புகைந்து காரநெடி எழுந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறுகிறதென்று பொருள். அது கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் வாயுவாதலால், அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்து, அறையைவிட்டு வெளியேறிக் காற்று தெளிந்த பின்பே திரும்பவேண்டும்.

மூடும் முறையும் தாங்கும் முறையும்

கதிர்வெப்பத்தைத் தடுக்க மூன்று முறைகள் வழக்கிலுள்ளன. மணிகள்மேல் அலுமினியத் தாளைக் கூடாரம்போல் மடித்துக் கவிழ்ப்பது மிக எளிது. தாள் மணியைத் தொடாமலும் பக்கங்கள் திறந்திராமலும் பார்த்துக்கொண்டால் போதும். ஒரே அளவான இரண்டு அலுமினியத் தட்டுகளில் ஒன்றை மற்றொன்றின்மேல் கவிழ்த்துக் கவ்விகளால் இறுக்குவது இதனினும் மேலானது, ஏனெனில் உள்ளே அடைபட்ட காற்று அடுப்பின் ஏற்றத்தாழ்வை மட்டுப்படுத்துகிறது. மணிகளைச் சோள மாவிலோ ஆப்ப சோடாவிலோ புதைப்பது மூன்றாவது முறை. உருண்டை மணி தட்டையாகாமல் எல்லாப் பக்கமும் தாங்கப்படுவது இதன் சிறப்பு, அடர்நிற மணிகளில் வெண்படலம் விடக்கூடியது இதன் குறை. அப்படலம் பெரும்பாலும் மெல்லிய தூரிகையும் நீரும் கொண்டு கழுவினாலே போகும். மாவுக்குள் சூடு மெல்லவே ஊடுருவுவதால் சுடும் நேரத்தைக் கூட்டவேண்டும். வெளிர் நிறங்களுக்கு மாவுப் படுக்கையும் மூடியும் சேர்ந்தும், அடர் நிறங்களுக்கு இரட்டைத் தட்டும் தேர்வது பொருத்தம்.

உலோகத் தட்டின்மேல் மணிகளை நேராக வைப்பதைவிட, விசிறிபோல் மடித்த வெள்ளைத் தாளின் பள்ளங்களில் வரிசையாக வைப்பது நன்று; அடிப்புறம் பழுப்பேறாது, டைலில் நேராகத் தொட்ட இடத்தில் தோன்றும் பளபளப்புத் திட்டும் வராது. அச்சிட்ட தாளையோ செய்தித்தாளையோ இதற்குப் பயன்படுத்தவே கூடாது, ஏனெனில் நெகிழ்வூட்டி அச்சுமையை இளக்கி மணிக்கு மாற்றிவிடும்.

கை, மேசை, கருவி

சுடாத களிமண் எதைத் தொட்டாலும் அதில் ஒரு துளியைப் பற்றிக்கொள்ளும் தன்மையது. வேலையை வெள்ளையில் தொடங்கி மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குச் செல்வதும், ஒவ்வொரு நிறத்துக்கும் இடையே ஈரத்துடைப்பான் கொண்டு கையையும் மேசையையும் துடைப்பதும், வெள்ளையைத் தொடும் முன் பழைய வெளிர்நிறக் களிமண் உருண்டையொன்றை உள்ளங்கையில் உருட்டித் தூசையும் பழைய நிறத்தையும் அதில் ஒட்டிக்கொள்ளச் செய்வதும் பயனுள்ள பழக்கங்கள். நூல் உதிரும் கம்பளி, துவாலை போன்ற துணிகளைத் தவிர்த்து, வழுவழுப்பான பருத்தி உடையில் அமர்வதுகூட வெள்ளை மணியின் தூய்மைக்கு உதவும்.

தமிழர் வீடுகளில் இதற்கெனத் தனியாகக் கருதவேண்டியது மஞ்சள்தூள். அதன் நிறப்பொருளான குர்க்குமின் நீரில் கரையாமல் எண்ணெய்ப் பொருள்களில் கரைவதாகையால், சமைத்த கையைக் கழுவிவிட்டு வந்தாலும் நகவிளிம்பில் எஞ்சிய மஞ்சள் வெள்ளைக் களிமண்ணில் ஏறிவிடும். எனினும் குர்க்குமின் வெயிலில் சிதையும் இயல்புடையது. முழுதும் சுட்ட வெள்ளை மணியில் மஞ்சள்கறை மட்டுமே இருந்தால், சில நாள் வெயில்படும் இடத்தில் வைப்பதே அதற்குத் தக்க மருந்து. ஏனைய நிறக்கேடுகளுக்கு வெயில் உதவாது. சில சாயங்களை மேலும் மங்கச் செய்யும்.

கருவிகளில், களிமண்ணைத் தகடாக்க உதவும் பாஸ்தா இயந்திரத்தின் விளிம்புகளில் சேரும் கரிய உலோகப் பொடியே சாம்பல் கீற்றுகளுக்குப் பெருங்காரணம். வெள்ளைக்கு அக்ரிலிக் உருளையும், மற்ற நிறங்களுக்கு இயந்திரமும் என்று பிரித்துக்கொள்வது இயந்திரத்தை ஒவ்வொரு முறையும் கழற்றித் துடைப்பதைவிட எளிது. துளையிட அலுமினியக் கம்பியைவிட எஃகு ஊசி மேல், ஏனெனில் அலுமினியம் துளைவாயில் சாம்பல் வளையம் விடக்கூடும். மீந்த களிமண்ணைப் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் பெட்டிகளில் நிறவாரியாக வைக்கவேண்டும். கண்ணாடிபோல் தெளிந்து எளிதில் நொறுங்கும் பாலிஸ்டைரீன் பெட்டியை நெகிழ்வூட்டி அரித்து, பெட்டியும் களிமண்ணும் ஒட்டிக்கொள்ளும். கோடை வெயிலில் நிறுத்திய காருக்குள் களிமண்ணை விட்டுவைத்தால் அது அரைகுறையாக இறுகி, பிசையும்போது பொடிந்து, திட்டுத்திட்டான நிறமே தரும்.

சாயம் ஊறுதலும் ஒளியில் மங்குதலும்

நிறமூட்டும் பொருள்களை இரண்டாகப் பிரிக்கலாம். திரவத்தில் கரையாமல் நுண்துகளாகவே நிற்பவை நிறமிகள். கரைந்து கலப்பவை சாயங்கள். டைட்டானியம் டை ஆக்சைடு தரும் வெண்மையும், இரும்பு ஆக்சைடுகள் தரும் காவியும் பழுப்பும், கரி தரும் கருமையும் நிறமிகளால் ஆனவையாதலால் இடம்பெயர்வதுமில்லை, ஒளியில் மங்குவதுமில்லை. கரையும் தன்மையுள்ள நிறப்பொருள் நெகிழ்வூட்டியோடு சேர்ந்து நகர்ந்து அண்டையிலுள்ள வெளிர் நிறத்துக்குள் புகும். சில சிவப்புகளும் கருஞ்சிவப்புகளும் கண்ணைப் பறிக்கும் ஒளிர்நிறங்களும் இதற்குப் பேர்போனவை. ஒளிர்நிறங்கள் சன்னல் வெளிச்சத்திலும் விரைந்து வெளிறும். நிலைத்த மைப்பேனாவால் மணியில் எழுதிய கோடுகள் நாளடைவில் விளிம்பு கலைந்து பரவுவதும் இதே காரணத்தால்தான்.

ஊறிய சாயத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை என்பதால் இங்கே தேர்வு முழுவதும் தடுப்பதிலேயே இருக்கிறது. சிவப்பும் வெள்ளையும் சேர்ந்த கோலம் வேண்டுமெனில், அச்சிவப்பையும் வெள்ளையையும் ஒட்டி ஒரு சில்லைச் சுட்டு, அதில் பாதியை அலுமினியத் தாளால் மூடிச் சன்னலில் சில வாரம் வைத்துப் பார்க்கவேண்டும். சேரும் கோட்டில் பரவியிருந்தால் சிவப்பை மாற்றவேண்டும்; மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வேறுபாடு தெரிந்தால் அந்நிறத்தை நாள்தோறும் அணியும் மாலைக்குப் பயன்படுத்தலாகாது. சில்லின் பின்புறத்தில் களிமண்ணின் பெயர், வெப்பநிலை, நேரம் ஆகியவற்றைக் கீறிவைத்தால் அது பின்னாளில் நம்பத்தக்க ஏடாகிவிடும்.

மினுமினுப்புக்கெனச் சேர்க்கும் பொருள்களிலும் இவ்வேறுபாடு உண்டு. அப்ரகத் தூள் நிறம் மாறாது, செம்பும் துத்தநாகமும் கலந்த போலிப் பொன்தாள் காற்றுப்பட்டுப் பழுப்பாகும், சிலபோது பச்சை பூக்கும், வெள்ளித்தாள் கறுக்கும், அலுமினியத்தாள் வெள்ளிபோல் தோன்றியும் கறுக்காது. எனவே வெள்ளிநிறம் வேண்டுவோர்க்கு அலுமினியத்தாளும், பொன்னிறம் வேண்டுவோர்க்கு அப்ரகத் தூளும் நிறம் காக்கும் தேர்வுகளாகும்.

மேற்பூச்சைத் தேர்ந்தெடுத்தல்

நன்கு சுட்ட பாலிமர் களிமண்ணுக்குப் பாதுகாப்புக்கெனப் பூச்சு தேவையில்லை. பளபளப்புக்கும், மேலே தூவிய தூளையும் ஒட்டிய தாளையும் காப்பதற்கும் மட்டுமே அது வேண்டியிருக்கிறது. உப்புத்தாளால் படிப்படியாக வழவழப்பாக்கி ஜீன்ஸ் துணியால் தேய்த்து மெருகேற்றிய மணியில் மஞ்சளிக்க எதுவுமே இல்லையாதலால், நிறத்தைக் காக்கும் நோக்கில் இதுவே முதலிடம் பெறும்; உழைப்பு மிகுதி என்பது இதன் விலை. நீர் அடிப்படையிலான பாலியூரித்தேன் வார்னிஷ் தெளிவாக உலர்ந்து நெடுநாள் மஞ்சளிக்காமல் இருப்பது, தூள் தூவிய மணிகளுக்கு உகந்தது. எண்ணெய் அடிப்படையிலான வார்னிஷ் பூசும்போதே அம்பர்ச்சாயல் கொண்டது, காலப்போக்கில் அது மேலும் ஏறும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் அதைத் தவிர்ப்பதே நன்று. கண்ணாடிபோன்ற தடித்த பளபளப்பை யூவி ரெசினும் எப்பாக்சியும் தரும், ஆனால் வெளிச்சத்தில் மஞ்சளிக்கும் இயல்பு இரண்டுக்கும் உண்டாகையால் அடர்நிற மணிகளுக்கே அவை ஒத்துவரும். பிவிஏ பசை அடிப்படையிலான பூச்சுகள் ஈரக்காற்றில் ஒட்டும், வெண்மூட்டமும் கொள்ளும்.

நெயில் பாலிஷும், கலனில் அடைத்துத் தெளிக்கும் பெரும்பாலான வார்னிஷ்களும் எவ்வகையிலும் ஏற்கத்தக்கவையல்ல. அவற்றின் கரைப்பான்கள் களிமண்ணின் மேற்பரப்பை இளக்குவதால், உலர்ந்ததுபோல் தோன்றிய மணி சில வாரங்களில் பிசுபிசுத்து, கழுத்தின் வியர்வையையும் தெருவின் தூசையும் பற்றிக் கறுக்கும். எந்தப் புதுப் பூச்சையும் ஒரு சில்லில் பூசி ஒரு மாதமாவது காத்திருந்து பார்த்த பின்பே மணியில் பூசவேண்டும்.

கெட்டதைச் சீர்செய்தல்

சீர்செய்யும் முறைகளை மணிக்குக் குறைந்த சேதம் விளைவிப்பதிலிருந்து தொடங்கி வரிசையாகக் கையாளவேண்டும். சுடுவதற்கு முன்பே தென்பட்ட தூசுக்கும் நூலுக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சி போதும். மேற்படலத்தை மட்டும் அது துடைத்தெடுக்கும். சுட்ட பிறகு எஞ்சிய புள்ளிகளுக்கு அசிட்டோன் வலுவானது: குச்சியை நனைத்து ஓரிரு முறை இழுத்துத் துடைத்து உடனே நிறுத்தவேண்டும். அது மேற்பரப்பையே சிறிது கரைத்து எடுப்பதால் தொட்ட இடம் மங்கலாகும்; துணியால் தேய்த்து மெருகை மீட்கலாம். மணியை அதில் ஊறவைத்தால் வீங்கிக் கெடும். அப்ரகத் தூள் தூவிய மணியில் அது தூளையே வழித்துவிடும்.

மேற்பரப்பில் மட்டும் நிற்கும் பழுப்புக்கு நீரிலும் தாங்கும் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதே முறை. சோப்புத்துளி கலந்த நீர்க்கிண்ணத்தில் மணியைக் கம்பியில் செருகிச் சுழற்றிக்கொண்டே 400 எண் தாளால் பழுப்பு மறையும்வரை தேய்த்து, பின் 600, 800, 1000 என்று நுண்ணிய தாள்களுக்கு ஏறவேண்டும். ஒவ்வொரு எண்ணும் முந்தைய தாளின் கீறலை அழிப்பதற்கே ஆகையால் நடுவில் ஒன்றை விட்டுத் தாண்டினால் கீறல் மெருகின்போது வெளிப்படும். நீர் தூளைக் காற்றில் பறக்கவிடாமல் பிடித்துக்கொள்வதால் மூச்சுக்கும் பாதுகாப்பு. உருண்டையான, வேலைப்பாடற்ற மணிக்கே இம்முறை ஒத்துவரும். அச்சுக்கோலமோ மெல்லிய நிறப்படலமோ உள்ள மணியில் பழுப்போடு வேலைப்பாடும் போய்விடும்.

அத்தகைய மணிகளுக்கு இரண்டு வழிகள் எஞ்சுகின்றன. திரவப் பாலிமர் களிமண்ணை மெல்லப் பூசி, அதன்மேல் 1 மில்லிமீட்டர் தகட்டைப் புதிதாகப் போர்த்தி மீண்டும் சுடுவது ஒன்று. சுட்ட களிமண்ணைத் திரும்பச் சுடுவதில் தடையில்லை, ஆனால் முதலில் பழுப்பேறச் செய்த காரணத்தை நீக்காமல் சுட்டால் புதிய தகடும் அதே நிறமடையும். வெள்ளை அக்ரிலிக் வண்ணம் பூசி மறைப்பதைவிட இது நிலையானது, ஏனெனில் வண்ணப்பூச்சு கோப்பு நூல் உராயும் துளைவாயில் முதலில் தேய்ந்து அடிப்பழுப்பைக் காட்டிவிடும்.

மற்றது, ஏறிய நிறத்தையே வடிவத்துக்குத் துணையாக்குவது. தந்தநிறமாகிவிட்ட வேலைப்பாடுள்ள மணியின் பள்ளங்களில் அடர்பழுப்பு அக்ரிலிக் வண்ணத்தைத் தேய்த்து, மேடுகளை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட்டால் அது பழைய எலும்பு மணியின் தோற்றம் பெறுகிறது. தொடக்கத்திலேயே இவ்விளைவை நாடி வெள்ளையும் ஒளிகசியும் வகையும் கலந்து செய்யும் மரபும் கைவினைஞரிடையே உண்டு. ஒரு மாலைக்குரிய மணிகள் அனைத்தும் ஒரே அளவு பழுப்பேறியிருந்தால் வேறெந்த முறையையும்விட இதுவே சிறந்த தேர்வு. குமிழிட்டவை, கருகியவை, விரலால் அழுத்தினாலே நொறுங்குபவை ஆகியவற்றை மீட்கவோ மீண்டும் சுடவோ முயலலாகாது.

எதற்கு முதலில் செலவிடுவது

மேற்கூறிய தேர்வுகளை ஒருங்கே நோக்கினால் செலவின் வரிசை தானே புலப்படும். வெப்பமானியும், இரண்டு அலுமினியத் தட்டுகளும், ஒரு பீங்கான் டைலும் சேர்ந்து வெப்பத்தால் வரும் நிறக்கேட்டின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். விலையுயர்ந்த களிமண் இவை இல்லாமல் வெண்மை காக்காது. அடுத்த இடம் ஆல்கஹால், துடைப்பான், நிறவாரியான பெட்டிகள் ஆகிய தூய்மைப் பொருள்களுக்குரியது. அதன்பின் 400 முதல் 1000 வரையிலான உப்புத்தாள்கள். வார்னிஷும் ரெசினும் கடைசியில் வரவேண்டியவை, ஏனெனில் அவை எந்தக் குறையையும் நீக்குவதில்லை, இருக்கும் நிறத்தை எடுத்துக்காட்டுவதோடு தம் நிறக்கேட்டையும் அதனுடன் சேர்க்கின்றன. புதிய நிறமோ புதிய அடுப்போ புதிய பூச்சோ கைக்கு வரும்போதெல்லாம் மணியில் தொடங்காமல் ஒரு சில்லில் தொடங்குபவர், சீர்செய்யும் முறைகளை நாடவேண்டிய தேவை தம் வேலையில் ஆண்டுக்காண்டு குறைவதைக் காண்பார்.